மூணாம் பாஷைக்குப் பைப்படியில் ஒரு பரீட்சை

எல்லையோரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு குறை உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ரகசியம் பேச அவர்களுக்கு மொழி கிடையாது. தமிழில் முணுமுணுத்தால் மலையாளிக்குப் புரியும். மலையாளத்தில் முணுமுணுத்தால் தமிழனுக்குப் புரியும். நான் பிறந்த கோவிந்தாபுரத்தில், செக்போஸ்ட்டில் நிற்கிற லாரி மாட்டுக்குக்கூட இரண்டில் எந்தப் பாஷையில் திட்டினாலும் கோபம் வரும். ஆகவே எங்கள் ஊரில் யாரும் யாரைப் பற்றியும் புறம் பேசுவதில்லை, மூஞ்சிக்கு நேராகவே பேசிவிடுவார்கள். (வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு எங்களை வெள்ளந்தி மனிதர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.)

கல்யாணமாகி வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்துக்கு வந்த பிறகுதான் கோவிந்தாபுரம் எவ்வளவோ தேவலை என்று தெரிந்தது. லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. கட்டினவனுக்கு சிமென்ட் தீர்ந்ததோ, மனசு வரவில்லையோ, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டான். அதற்கு மேலே எல்லா வீட்டுக்கும் ஒரே தகரக்கூரை, ஒரே காற்று. முதல் வீட்டில் மிளகாய் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள்.

வந்த புதிதில் ஒருநாள் என் வீட்டுக்காரர் தங்கராஜின் காதோடு காதாக, "ஏனுங்க, உங்கம்மா வெக்கிற கொழம்புல புளி கொஞ்சம் தூக்கலுங்களா?" என்று கேட்டேன்.

இடப்பக்கச் சுவருக்கு மேலிருந்து எலிசபெத் அக்காவின் குரல் வந்தது. "அவ எப்பவும் அப்பிடித்தான் ஊத்துவா தாயி. நீயாச்சும் எடுத்துச் சொல்லு."

வலப்பக்கத்திலிருந்து சுடலைமுத்து அண்ணன், "சொல்லிராத தாயி. நாங்க சொல்லிப் பட்டது போதும்" என்றார்.

அடுப்படியில் இருந்த என் மாமியார் அன்னபாக்கியம் அத்தைக்கு எல்லாமே கேட்டுவிட்டது. மறுநாள் குழம்பில் புளியே இல்லை.

இந்த லட்சணத்தில் எங்களுக்கு உண்மையிலேயே ஒரு ரகசியம் இருந்தது. அத்தை கொழுந்து கிள்ளுபவர். சீக்கிரமே வேலையிலிருந்து நிற்க வேண்டிய வயது. குடும்பத்தில் ஒருவர் பெயராவது எஸ்டேட் செக்ரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், இருந்தால்தான் லயத்து வீடு. இல்லையென்றால் சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அத்தைக்கு ஒரே மகன். அவரோ யாருடைய ஜீப்பையோ ஓட்டிக்கொண்டிருந்தார். "ஃபேக்டரில சேந்துக்கோ மக்கா, வீடு நிக்கும்" என்பது அத்தையின் தினசரி ஜெபம். என் அப்பாவுக்குக் கோவிந்தாபுரத்தில் மாட்டுத்தீவனக் கடை. "மாப்பிள்ளை வந்து கடையப் பாத்துக்கட்டும், மாடில ரூம் கெடக்குது" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த மாடி ரூமில் நாலு பக்கமும் சுவர் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். எனக்கு ராத்திரி கனவில் அந்தச் சுவர்தான் வரும்.

போக வேண்டும் என்பது என் ஆசை. இவரிடம் கேட்டால் "பாக்கலாம்" என்பார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். (புதுப்பெண் எதைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டாள்?)

ஆனால் பேச வேண்டுமே, எங்கே பேச? செல்போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. சிக்னல்தான் லயத்தின் கடைக்கோடியில், தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் மட்டும் கிடைக்கும். சரி என்று டைப் அடித்து போனையே அவர் கையில் கொடுத்துப் பார்த்தேன். அவர் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதுவும் வாய்விட்டு. "அத்...தை...க்...குத்... தெ...ரி...யா...ம..." என்று ஆரம்பித்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

சின்ன வயதில் விளையாடுகிற 'க' பாஷையையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் ஒரு 'க' போட்டுப் பேசுவோமே, அதுதான். பேசி முடிக்கும் முன்பே சுடலைமுத்து அண்ணன் அதே பாஷையில் சுவருக்கு மேலே பதில் அனுப்பினார். அவர் என்னைவிட வேகம்.

என்னிடம் ஒரு பி.ஏ. பட்டம் இருந்தது. செய்வதற்கு வேலை இல்லை. இது இரண்டும் ஒரு மனுஷியிடம் சேரவே கூடாது. நானே ஒரு பாஷையை உண்டாக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். தமிழ் ஒன்று, மலையாளம் இரண்டு, ஆகவே இதற்கு மூணாம் பாஷை என்று பெயர்.

அதன் இலக்கணத்தைச் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வரத்தான் செய்கிறது. வினைச்சொல் முதலில் வரும். தமிழில் அது கடைசியில் வருவதால், ஒட்டுக் கேட்கிறவர்கள் பொறுமையாகக் காத்திருந்து சாரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் காதைத் தீட்டுவதற்குள் வினை போய்ச் சேர்ந்துவிடும். நடந்து முடிந்ததற்கு வினையை இரண்டு தடவை சொல்ல வேண்டும். நடக்கப்போவதற்கு விதி பண்ண மறந்துவிட்டேன். (ஊரைவிட்டுப் போகப்போவதைப் பற்றிப் பேசத்தான் பாஷையே! இந்த அறிவோடுதான் நான் இலக்கணம் எழுத உட்கார்ந்தேன்.) பிறகு, வினையை இழுத்துச் சொன்னால் எதிர்காலம் என்று சமாளித்தேன். 'லெமு' என்றால் போ, 'லெமு லெமு' என்றால் போயாச்சு, 'லெமூஊ' என்றால் போகப்போகிறோம்.

இல்லை என்பதற்கு நாக்கைத் தட்டி 'ச்ச்' என்று ஒரு சத்தம். அதில் ஒரு கோளாறு வந்தது. கூரையில் இருந்த பல்லிகளும் அதையே சொல்லின. நான் அரைமணி நேரம் பாடுபட்டு ஒரு திட்டத்தைச் சொல்லி முடித்தால், மேலேயிருந்து ஒரு பல்லி மொத்தத்தையும் இல்லை என்று ஆக்கிவிடும்.

மரியாதை விகுதி கிடையவே கிடையாது. கொங்கு நாட்டுப் பழக்கத்தில் நான் புருஷனை 'ங்க' போட்டுக் கூப்பிடுவதை லயமே கேலி செய்தது. அந்த ஆத்திரத்தில் மூணாம் பாஷையில் 'ங்க'வை ஒழித்துவிட்டேன். தமிழில் "தண்ணி எடுத்துட்டு வாங்க" என்று கெஞ்ச வேண்டியதை அதில் "கொண்டா" என்கிற அர்த்தத்தில் ஒரே சொல்லில் முடித்துவிடலாம். இது மறந்து விட்டதா, வேண்டுமென்றே விட்டதா என்று என் வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

மாணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் நாக்கில் ஒழுங்காக வந்த ஒரே சொல் 'ஜிமா'. ஆமாம் என்று அர்த்தம். கடை நல்லா ஓடுமா? ஜிமா. அப்பாகிட்டச் சொல்லட்டுமா? ஜிமா. அடுத்த மாசமே லெமூஊ? ஜிமா. புருஷன் கேட்டதுக்கெல்லாம் ஆமாம் சொன்னால் எந்தப் பெண்டாட்டியாவது அவன் பாடம் படித்திருக்கிறானா என்று சந்தேகப்படுவாளா? எனக்கு என் பாஷையின் மேல் அபார நம்பிக்கை வந்துவிட்டது.

சந்தேகம் மற்றவர்களுக்கு வந்தது. ஒருநாள் சாயங்காலம் கருவாடு வாங்குவதைப் பற்றி மூணாம் பாஷையில் பேசிக்கொண்டிருந்தோம். இடப்பக்கத்திலிருந்து, "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று நடுங்கும் குரல் கேட்டது. எலிசபெத் அக்கா பெந்தகொஸ்தே. ஆவி இறங்கினவர்கள் தெரியாத பாஷையில் பேசுவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு அந்த அந்நிய பாஷை வரம் இறங்கியிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார். அதிலிருந்து நாங்கள் வாயைத் திறந்தால் அங்கே அவர் முழங்காலில் நிற்கிறார் என்று அர்த்தம். உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

சுடலைமுத்து அண்ணன் யூனியன்காரர். மேனேஜ்மெண்ட்டுக்குத் துப்புச் சொல்கிறவர்கள்தான் இப்படிச் சங்கேதத்தில் பேசுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டில் யூனியன் விஷயம் பேசுவதையே நிறுத்திவிட்டார். நாங்கள் ஆரம்பித்தால் அவர் டி.வி.யை அலறவிடுவார். என்னைக் கண்டால், "கொழப்பமில்லையே?" என்று, பிரச்சினை இல்லையே என்கிற மலையாள அர்த்தத்தில், மட்டும் கேட்பார். அந்தக் கேள்வியின் தொனியே குழப்பம் உண்டு என்று சொல்லும்.

அத்தைக்குப் பிசாசின் மேல் சந்தேகம். என் தலையணைக்கடியில் முதலில் ஒரு குட்டிப் புதிய ஏற்பாடு முளைத்தது. பிறகு முழு வேதாகமம். கழுத்து வலியில் நான் முகத்தைச் சுளித்தபோது, "பாத்தியா, அதுக்கு வேதம் ஆகல" என்று அவர் எலிசபெத் அக்காவிடம் சொன்னது சுவருக்கு மேலே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஆனால் அத்தை இன்னொன்றும் செய்தார். கட்டிலுக்கடியில் இருந்த என் ட்ரங்குப் பெட்டியைத் தினமும் ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்ப்பார், கனம் கூடியிருக்கிறதா என்று. பெருக்குவதற்காகத் தூக்குகிற மாதிரி பாவனை. கையில் விளக்குமாறு இருக்காது. அதைப் பார்த்த அன்றைக்கே நான் வாயைத் திறந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அதற்குப் பதிலாக ட்ரங்குப் பெட்டிக்கு மூணாம் பாஷையில் ஒரு சொல் உண்டாக்கினேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அத்தை தன் சபையில் ஜெபம் நடத்துகிற உபதேசியாரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். லயமே முற்றத்தில் கூடிவிட்டது. உபதேசியார் ஒல்லியான மனிதர். சந்தேகப்படுவதில் அவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். காணிக்கைத் தட்டில் விழுகிற நாணயத்தைக்கூடத் திருப்பிப் பார்க்கிறவர்.

"இது ஆவியோட வரம்யா" என்றார் எலிசபெத் அக்கா.

"பேய்தான். மூணு நாளு உபவாச ஜெபம் போட்டாத்தான் எறங்கும்" என்றார் அத்தை.

"வே, ரெண்டும் இல்ல. இது ஆபீசுக்குப் போற சங்கதி" என்றார் சுடலைமுத்து அண்ணன்.

மூணு நாள் பட்டினி என்றால் மூணாம் பாஷை மட்டுமல்ல, முதல் இரண்டும்கூட இறங்கிவிடும். "அய்யோ, அதெல்லாம் இல்லீங்க. நாங்களே உண்டாக்குன பாஷைங்க. அதுக்கு இலக்கணமெல்லாம் இருக்குதுங்க" என்று உளறினேன். வினை முதலில் வரும் என்று விளக்கக்கூட ஆரம்பித்தேன். யாரும் நம்பவில்லை. உள்ளதையெல்லாம் விட்டுவிட்டு ஒருத்தி உட்கார்ந்து பாஷை செய்வாள் என்பதை எந்தப் புத்தியுள்ளவர்தான் நம்புவார்?

உபதேசியார் தாடையைத் தடவினார். "ஆவியானாலும் பேயானாலும் ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு வெளங்காது. மனுச பாஷைன்னா வெளங்கும். தங்கராஜப் பைப்படிக்கு அனுப்புங்க. நம்ம ஒரு சங்கதி சொல்லுவோம். இந்தப் பிள்ள அத இதோட பாஷைல சத்தமாச் சொல்லட்டும். அவன் அங்கன இருந்து தமிழ்ல சொல்லணும்."

என் வீட்டுக்காரர் பைப்படிக்குப் போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சைக்குப் படிக்காதவன் பார்வை அது. பைப்படியில் சிக்னல் கிடைத்ததும் அவர் சட்டைப் பையிலிருந்த போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டது. உபதேசியார் ஆள் அனுப்பி அதையும் வாங்கிவிட்டார்.

முதல் வாக்கியத்தைச் சுடலைமுத்து அண்ணன் கொடுத்தார். "எங்க வீட்டுக் கோழி எலிசபெத் வீட்டுல முட்ட போடுது." அது அவருக்கும் அக்காவுக்கும் வெகுகாலமாக நடக்கும் வழக்கு. என் பாஷையில் கோழியும் இல்லை, முட்டையும் இல்லை. ஊரைவிட்டு ஓடுவதற்கு அவை தேவைப்படவில்லை. சுற்றி வளைத்து, இறக்கையுள்ள சாமான், வெள்ளைச் சாமான், இடப்பக்கத்து வீடு என்று எதையோ கூவினேன்.

பைப்படியிலிருந்து என் வீட்டுக்காரர் யோசித்து, யோசித்து, உரக்கக் கத்தினார். "எலிசபெத் அக்கா கோழியத் திருடிட்டாக!"

"கேட்டீகளா!" என்று சுடலைமுத்து அண்ணன் துள்ளி எழுந்தார். "பாஷை சரியான பாஷைதான்! அசல் பாஷை!"

"பேயி! இது பேயேதான்!" என்று எலிசபெத் அக்கா அந்த நிமிஷமே கட்சி மாறினார். "பிசாசு பொய்க்குப் பிதான்னு வேதத்துல சும்மாவா சொன்னாக?"

முற்றம் சந்தையாகிவிட்டது. உபதேசியார் கையைத் தட்டி அடக்கினார். "இது செல்லாது. இன்னும் ஒண்ணு பாப்போம். இந்தத் தடவ அன்னபாக்கியம் குடுக்கட்டும்."

அத்தை எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் குரலில் பேயும் இல்லை, கோபமும் இல்லை. "நான் கேக்கேன்னு அவன்ட்டக் கேளு. என்னையும் இந்த வீட்டையும் விட்டுட்டுப் போகப் போறீகளா?"

மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மாற்றினால் பரீட்சை தோற்கும். எனக்குப் பேய் பிடித்திருப்பது உறுதியாகும், மூணு நாள் பட்டினி. உள்ளபடி கேட்டால், அவர் சொல்லப்போகிற பதிலில் எங்கள் ரகசியம் நடு முற்றத்துக்கு வந்துவிடும். அத்தையின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, பிறகு மாற்ற முடியவில்லை. "லெமூஊ..." என்று வினையில் ஆரம்பித்து, உள்ளது உள்ளபடியே கூவினேன்.

என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "அம்மா கேக்காக. அவுகளையும் வீட்டையும் விட்டுட்டுப் போகப் போறோமான்னு!"

ஒரு எழுத்துப் பிசகவில்லை. லயமே கைதட்டியது. உபதேசியார்கூடத் தலையை ஆட்டினார். என் பாஷை பாஷைதான் என்று ஊர் ஒப்புக்கொண்ட அந்த நிமிஷத்தில் எனக்கு அழுகை வந்தது. கைதட்டாமல் நின்றது அத்தை ஒருவர்தான்.

"பாஷை கெடக்கட்டும். பதிலச் சொல்லச் சொல்லு" என்றார்.

அதையும் கூவினேன். என் வீட்டுக்காரர் பைப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு மூணாம் பாஷையில் பேச ஆரம்பித்தார். 'ஜிமா' தவிர வேறு சொல் வாயில் வராத மனிதர்! வினை முதலில் வந்தது. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தார். நாக்குத் தட்ட வேண்டிய இடத்தில் பல்லி தோற்கும்படி தட்டினார். நிறுத்தாமல் ஒரே மூச்சில் பேசிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜீப்பில் தனியாகப் போகும்போதெல்லாம் அந்தப் பேச்சை ஒத்திகை பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. "என்ன சொல்லுதான்?" என்றார் அத்தை.

இந்த உலகத்தில் அந்தப் பேச்சு புரிந்த ஒரே ஜீவன் நான். அது புரியவே கூடாத ஒரே ஜீவனும் நான்தான். ஏனென்றால் அவர் சொன்னது இது. "எனக்குப் போக மனசில்ல. அம்மாவ விட்டுட்டு என்னால முடியாது. ஃபேக்டரில சேர அபேட்ச எழுதிக் குடுத்துட்டேன். இவ ஆசையாப் பேசும்போது இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இவளுக்குத் தெரிஞ்சா அழுவா. அதான் பயம்."

என்னிடம் மறைத்த ஒன்றை, எனக்கு மட்டுமே தெரிந்த பாஷையில், லயத்தையே கூட்டிவைத்துக்கொண்டு என்னிடமே சொல்லிவிட்டார்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பைப்பைப் பிடுங்கியிருப்பேன். இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லவும் வழி இருந்தது. நான் என்ன சொன்னாலும் அதுதானே அர்த்தம். ஆனால் பாருங்கள், நானே பெற்ற பாஷை. முதன்முதலாக ஒருவர் அதில் மனசைத் திறந்து பேசியிருக்கிறார். அதைக் கொல்ல எனக்குக் கை வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வரிக்கு வரி தமிழில் சொன்னேன், "இவளுக்குத் தெரிஞ்சா அழுவா" என்பதையும் சேர்த்து.

யாரும் நம்பவில்லை.

"அவனாவது இம்புட்டுப் பேசுறதாவது" என்றார் எலிசபெத் அக்கா. "மாமியாளைச் சமாதானப்படுத்த இவளாச் சேத்துச் சொல்லுதா" என்றார் சுடலைமுத்து அண்ணன். உபதேசியார் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, "இந்தப் பிள்ள சொன்னது நெசமா? நீ என்னப்பா சொன்ன?" என்று தமிழில் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். "பாக்கலாம்" என்றார்.

அத்தை சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "பெத்தவளுக்குத் தெரியாதா? இவன் இந்த முழி முழிக்கான்னா அவ சொன்னது அத்தனையும் நெசம்தான்." பிறகு முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார். கழுத்து வலி தலைவரை போனது. "நீ போகணும்னு நெனச்சது தப்பில்லட்டி. இந்த மொட்டைச் சுவத்துக்கு நடுவுல எவளுக்கு இருக்கப் பிடிக்கும்? நானும் புதுசா வந்தப்ப அழுதவதான். என்ட்ட ஒரு வார்த்த தமிழ்ல சொல்லிருக்கலாம்லா?"

அவர் முந்தானையிலேயே இன்னொரு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அத்தை ஃபேக்டரியில் கேட்டுப் பழைய பிளைவுட் பலகைகளைச் சுமந்துகொண்டு வந்தார். எங்கள் அறையின் சுவர்கள் கூரையைத் தொட்டன. "அப்படி என்னடியம்மா ரகசியம் பேசப் போறீக?" என்று இரண்டு பக்கத்திலும் புதுச் சந்தேகம் கிளம்பியது. அத்தைக்கே ஒரு மாதம் தாங்கவில்லை. பலகையைத் தட்டி, "உள்ள சத்தமே காணோம், என்ன செய்யுதீக?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் ஃபேக்டரியில் சேர்ந்தார், வீடு நின்றது. நானும் நின்றுவிட்டேன். சாயங்காலங்களில் லயத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றாவதாக எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. என் அப்பா தீவனக் கடைக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மென்று விழுங்கினால், "பைப்படிக்குப் போய்ச் சொல்லு" என்பார்கள். பரீட்சை மார்க் என்ன என்று கேட்டால் என் மகள் வாயைத் திறக்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அத்தை வேலையிலிருந்து நின்ற பிறகு பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார். அவர் சொல்கிற கதையில் எனக்குப் பாதி பேயும் பிடித்திருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இன்னும் தீரவில்லை. அன்றைக்கு அந்தப் பாஷை எனக்குப் புரியும் என்பதை அவர் மறந்துபோய்ச் சொன்னாரா, இல்லை, பக்கத்தில் நின்று சொல்லத் தைரியமில்லாமல் அத்தனை வீட்டுத் தூரத்தையும் அத்தனை சாட்சிகளையும் வைத்துக்கொண்டு எனக்காகவே சொன்னாரா? போன வாரம்கூடச் சோறு போட்டுக்கொண்டே நேராகக் கேட்டேன்.

"ஏனுங்க, உண்மையச் சொல்லுங்க. மறந்து சொன்னீங்களா, வேணும்னே சொன்னீங்களா?"

தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஜிமா" என்றார்.